தீன் பையா, வீட்டுக் கலவையா, குசினி மிச்சமா? கொழும்பு முற்றத்து முட்டைக்கோழிக்கு எதைப் போடுவது

கூட்டுக்குள் கையை விட்டு எடுத்த முட்டை விரல்களுக்கு நடுவில் நசுங்கியது. ஓடு இல்லை. மெல்லிய தோல் மட்டும், அதற்குள் மஞ்சள் கரு. எங்கள் வீட்டில் தோல்முட்டை என்று சொல்வோம். 2022 இல் எங்கள் முகத்துவாரம் வீட்டு முற்றத்தில் ஒரு மாதத்துக்குள் நான்கு தோல்முட்டை கிடைத்தது. அதற்கடுத்த கிழமை, ஐந்து கோழிகளில் நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த செவலை, காலை ஊன்றி எழும்ப முடியாமல் கூட்டின் மூலையில் படுத்துவிட்டது.

அந்த வருடம் நடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 இல் இரசாயன உர இறக்குமதி நின்றதால் சோள விளைச்சல் விழுந்தது. பிறகு வெளியிலிருந்து சோளமும் சோயாவும் கொண்டுவர டொலர் இல்லை. கோழித்தீன் விலை ஏறிக்கொண்டே போனது, சில வாரங்கள் காசு கொடுத்தாலும் பை கிடைக்கவில்லை. பெரிய பண்ணைக்காரர்களே கோழிகளைக் குறைத்தார்கள். 2023 இல் அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலை வந்தது. ஐந்து கோழி வைத்திருந்த நானும் தீன் வாங்குவதை விட்டேன். குறுணல் அரிசி, தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு மூன்றையும் கலந்து போட்டேன். கோழிகள் ஆசையாகத் தின்றன, வயிறு நிறைந்தது. நான் செய்தது சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிருக வைத்தியர் செவலையின் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சுண்ணாம்புக்கு என்ன குடுக்கிறீங்க?" என்னிடம் பதில் இல்லை. செவலை மூன்றாம் நாள் போய்விட்டது. அதன் பிறகு நான் படித்ததும், நிறுத்துப் பார்த்ததும், கணக்குப் போட்டதும்தான் இந்தக் கட்டுரை. கோழி வளர்க்கும் யாருக்காவது அந்த மூன்று நாள் வராமல் இருந்தால் போதும்.

ஒரு முட்டைக்கு என்ன போகிறது

தெரிவுகளைப் பார்க்கும் முன் கோழியின் வரவு செலவைப் பார்ப்போம். முட்டை ஓட்டின் நிறை ஐந்து, ஆறு கிராம். அதில் சுமார் 95 வீதம் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு. அந்த ஓட்டுக்குள் தனிக் கல்சியமாகப் பார்த்தால் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். தின்னும் கல்சியத்தில் பாதியளவுதான் உடலில் சேரும் என்பதால், தினமும் முட்டையிடும் கோழிக்குத் தீனில் நாலு கிராம் கல்சியம் வேண்டும். புரதம் 17, 18 கிராம். கடையில் விற்கும் பழுப்பு முட்டைக் கலப்பினக் கோழி ஒரு நாளைக்குத் தின்னும் 110 கிராம் தீனுக்குள் இவ்வளவும் அடங்க வேண்டும். அதனால்தான் லேயர் தீனில் (முட்டையிடும் கோழிக்கென்று செய்யும் தீனில்) புரதம் 16 முதல் 18 வீதம் வரையும் கல்சியம் மூன்றரை முதல் நாலு வீதம் வரையும் வைக்கிறார்கள்.

தீனில் கல்சியம் குறைந்தால் கோழி அன்றைக்கே முட்டையை நிறுத்துவதில்லை. முட்டையிடும் பருவத்தில் அதன் நீண்ட எலும்புகளுக்குள் ஒரு சேமிப்பு இருக்கும், அதைக் கரைத்து ஓடு செய்யும். அது தீர்ந்தால் உடலைத் தாங்கும் எலும்பிலேயே கை வைக்கும். முட்டை வந்துகொண்டே இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியும்போது ஓடு மெலிந்திருக்கும், கோழி படுத்திருக்கும். செவலைக்கு நடந்தது இதுதான்.

நான் போட்ட கலவையைப் பிறகு கணக்குப் பார்த்தேன். குறுணலில் புரதம் ஏறத்தாழ 8 வீதம், புண்ணாக்கில் 20, தவிட்டில் 12. பாதி குறுணல், பத்தில் மூன்று பங்கு புண்ணாக்கு, மிச்சம் தவிடு. மொத்தத்தில் 12 வீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. கல்சியம் அரை வீதம்கூட இல்லை. புரதம் முக்கால் பங்காவது இருந்தது. கல்சியம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"ஊரில கோழிக்கு ஆர் தீன் வாங்கினது?"

எங்கள் பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும்போதெல்லாம் என் தீன் வாளியைப் பார்த்துவிட்டு இதைத்தான் கேட்பா. "விடியக் கூட்டைத் திறந்து விட்டா பின்னேரம் தானா வந்து அடையும். சோத்துத் தண்ணியும் கொஞ்ச நெல்லும் தான். அதுகள் முட்டையிடேல்லையோ?"

கேள்வி நியாயமானது, அதனால் நேராகப் பதில் சொல்கிறேன். முதலாவது, ஊர்க்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடைக்குப் படுக்கும், குஞ்சு பொரிக்கும், மாதக்கணக்கில் முட்டையே இடாது. அதன் எலும்புக்கு ஓய்வு கிடைக்கும். நாம் இங்கே வாங்கி வைக்கும் பழுப்புக் கலப்பினம் வருடத்துக்கு 300 வரை முட்டையிடும்படி தெரிந்தெடுத்து உருவாக்கப்பட்டது, அதற்கு அடை கிடக்கும் குணமே அனேகமாக இல்லை. இரண்டாவது, வளவுக்குள் திரியும் கோழிக்குக் கறையான், புழு, வெட்டுக்கிளி, விதை, குருத்து என்று நாள் முழுக்கப் புரதம் கிடைக்கும். மூன்றாவது விஷயம் எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. அங்கே கோழி கொத்தி விழுங்கும் சின்னக் கல்லிலேயே கல்சியம் உண்டு. கொழும்பில் நிலம் கபுக் என்னும் செம்புறைக்கல். எங்கள் முற்றத்தில் அதுவும் இல்லை, முக்கால்வாசி சீமெந்து. பெரியம்மாவின் கோழிக்கு நிலம் கொடுத்ததை இங்கே நாம்தான் சட்டியில் வைக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் இருப்பது ஊர்க்கோழியும் அது திரிய நல்ல வளவும் என்றால் (வத்தளை, ராகமைப் பக்கம் இன்னும் சிலருக்கு அந்தப் பாக்கியம் உண்டு), கீழே சொல்வதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. காலையும் மாலையும் கொஞ்சத் தீனும் ஒரு சிரட்டை சிப்பித்தூளும் போதும். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெஹிவளை ஒழுங்கைகளில் பத்தடி முற்றத்தில் கலப்பினம் வைத்திருப்பவர்களுக்குத்தான் மிச்சம்.

முதல் தெரிவு: லேயர் தீன் பை

என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன். பத்துக் கோழிக்குக் கீழே வைத்திருப்பவருக்கு இதுதான் சரி. மற்ற எல்லாம் இதற்கு மேல் சேர்ப்பவை.

காரணம் வசதி மட்டும் அல்ல. நாம் கண்ணால் பார்க்கும் புரதமும் சுண்ணாம்பும் போக, கண்ணுக்குத் தெரியாத சிறு அளவுகளில் விற்றமின் D3, மங்கனீசு, நாகம் (துத்தநாகம்), புரதத்தின் கூறுகளான மெதியோனைன், லைசின் என்று ஒரு வரிசையே அந்தத் தூளுக்குள் அளந்து கலக்கப்பட்டிருக்கிறது. D3 இல்லாவிட்டால் தின்ற கல்சியம் உடலில் சேராது. வெயில் படாத கூட்டுக்குள் அடைந்திருக்கும் கோழிக்கு அதைக் கொடுக்க வேறு வழி குறைவு.

பையை வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள், லேபலைப் படியுங்கள். இலங்கையில் கால்நடைத் தீன் தயாரிப்பவர்களும் விற்பவர்களும் 1986 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். லேபல் இல்லாத பையை வாங்க ஒரு காரணமும் இல்லை. புரதம் 16க்குக் கீழே இருக்கக்கூடாது, கல்சியம் மூன்றரைக்குக் கீழே இருக்கக்கூடாது. அதைவிட முக்கியம் தயாரித்த திகதி. கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் கடையில் வாங்கினால் தாய்ப் பையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கடையில் எனக்கு லேயர் என்று சொல்லி நிறுத்துத் தந்தது வளரும் குஞ்சுக்கான குரோவர் தீன். பார்வைக்கு இரண்டும் ஒரே தூள்தான். குரோவரில் கல்சியம் ஏறத்தாழ ஒரு வீதமே உண்டு. லேயரை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தால் வெள்ளைச் சுண்ணாம்புத் துகள் கரகரக்கும். இப்போது நான் வாங்கும் முன் தேய்த்துத்தான் பார்க்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. லேயர் தீனைக் குஞ்சுக்குப் போடக்கூடாது. முட்டையிடாத உடலுக்கு அவ்வளவு கல்சியம் போனால் சிறுநீரகம் கெடும். பதினெட்டு, இருபது வாரத்தில் கொண்டை சிவந்து முதல் முட்டை வரும் சமயத்தில் மாற்றுவதுதான் முறை.

தூளா, குளிசை வடிவமா என்று கேட்பவர்கள் உண்டு. குளிசைத் தீனில் சிந்துவது குறைவு, கோழி பிடித்ததைப் பொறுக்கித் தின்று மற்றதை விடவும் முடியாது. தூள் எங்கும் கிடைக்கும். தூள் போடுபவர்கள் சட்டியில் அடியில் எஞ்சும் மாவை வீசிவிடாதீர்கள், விற்றமின்களில் பெரும்பகுதி அதற்குள்தான். பின்னேரம் கொஞ்சத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தால் வழித்துத் தின்னும். பிசைந்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், நம் வெக்கைக்குப் புளித்துப்போகும்.

எவ்வளவு வாங்குவது? ஐந்து கோழிக்கு நாளொன்றுக்கு 550 கிராம், மாதத்துக்குப் பதினாறரைக் கிலோ. 25 கிலோப் பை ஒன்று 45 நாள் வரும். கொழும்பு ஈரலிப்பில் திறந்த பைக்கு அதுவே எல்லை. 50 கிலோ எடுத்தால் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம், ஆனால் மூன்றாம் மாதத்தில் நீங்கள் போடுவது பூஞ்சணம். பக்கத்து ஒழுங்கையில் கோழி வளர்க்கும் ஒருவரோடு பெரிய பையைப் பாதி பாதியாகப் பிரிப்பது நல்ல வழி. நானும் ஒரு அன்ரியும் அப்படித்தான் செய்கிறோம்.

இரண்டாம் தெரிவு: வீட்டிலேயே கலப்பது

என் பழைய கலவையை அல்ல, ஒழுங்கான கலவையைச் சொல்கிறேன். நூறு பங்கில் சோளம் 50, சோயாப் புண்ணாக்கு 20, தவிடு 10, தேங்காய்ப் புண்ணாக்கு 6, மீன்தூள் 4, சிப்பித்தூள் 9 என்று போட்டால் புரதம் 17, 18 வீதம் வரும், கல்சியம் மூன்றரையைத் தாண்டும். கடைசி ஒரு பங்கில்தான் உப்பு, விற்றமின் கனிமக் கலவை, மெதியோனைன் எல்லாம் அடங்க வேண்டும்.

பெரிய பண்ணைக்கு இது சரி. நமக்கு இடறுவது அந்தக் கடைசி ஒரு பங்குதான். பதினாறு கிலோ தீனுக்கு உப்பு ஐம்பது கிராம் அளவில் வேண்டும். விற்றமின் கலவை அதைவிடக் குறைவு. இதைப் பேசினுக்குள் கையால் கலந்தால் ஒரு கோழிக்கு இரட்டிப்பாகப் போகும், இன்னொன்றுக்கு ஒன்றுமே போகாது. அதோடு அந்தக் கலவை பெரும்பாலும் பெரிய பொதியில்தான் விற்கிறது, ஐந்து கோழிக்கு அதை வாங்கினால் முடிவதற்குள் வீரியம் போய்விடும்.

சாமான்களிலும் பொறி உண்டு. பச்சைச் சோயா அவரையை அரைத்துப் போடக்கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, சூட்டில்தான் அது அழியும். எண்ணெய் எடுத்து வறுத்த புண்ணாக்குத்தான் வேண்டும். தவிட்டில் எண்ணெய் அதிகம், இரண்டு மூன்று வாரத்தில் சிக்கு மணம் வந்துவிடும். மீன்தூளில் மணலும் உப்பும் கலந்து வரும் சில. தேங்காய்ப் புண்ணாக்கு நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று அதை நம்பியிருக்கக்கூடாது. நார் அதிகம், லைசின் குறைவு. சரியாகக் காயாத கொப்பராவிலிருந்து வந்ததில் அஃப்லாடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சும் இருக்கலாம். அது ஈரலைத் தாக்கும், கண்ணுக்கும் தெரியாது, சமைத்தாலும் போகாது.

காசில் இலாபமா? என் பழைய கலவைக் காலத்தில் ஐந்து கோழியும் சேர்ந்து இரண்டு நாளைக்கு ஐந்து முட்டை தந்தன. லேயர் தீனில் ஒரு நாளைக்கு நான்கு. தீன் அளவு இரண்டிலும் 550 கிராம்தான். அப்படியானால் லேயர் தீனில் ஒரு முட்டைக்கு 137 கிராமும் கலவையில் 220 கிராமும் போயிருக்கிறது. கலவையின் கிலோ விலை பையின் விலையில் அறுபத்திரண்டு வீதமளவுக்கு இறங்கினால்தான் முட்டைக் கணக்கில் சமம். புறக்கோட்டையில் மொத்த விலைக்கு வாங்கிய குறுணல்கூட எனக்கு அந்த எல்லைக்குள் வரவில்லை. செவலையை இந்தக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு ஒரு சுலப வழி: ஒரு கிலோத் தீனின் விலையை ஏழால் பிரியுங்கள். நல்ல வயதுக் கோழிக்கு ஒரு முட்டையின் தீன் செலவு ஏறத்தாழ அதுதான். கடை முட்டை விலையோடு ஒப்பிட்டால் விளங்கும்.

மூன்றாம் தெரிவு: குசினி மிச்சம்

இதை முழுத் தீனாக நினைப்பவர்கள்தான் கொழும்பில் அதிகம். சோறு மிஞ்சுகிறது, பாண் மிஞ்சுகிறது, கோழி தின்கிறது. அப்புறம் ஏன் தீன்? சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், புரதம் மூன்று வீதத்துக்கும் குறைவு. பிரச்சினை அது கெட்டது என்பதில் இல்லை, நல்லதின் இடத்தைப் பிடிக்கிறது என்பதில்தான். 110 கிராம் லேயர் தின்னும் கோழி 30 கிராம் குறுணலைத் தின்று 80 கிராம் லேயரோடு நிறுத்தினால் கல்சியம் நாலு கிராமிலிருந்து மூன்றாக இறங்கும், புரதம் 18இலிருந்து 16 ஆகும். ஒரு கைப்பிடி அரிசி செய்கிற வேலை இது. அதனால் மிச்சம் எதுவாக இருந்தாலும் தீனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், லேயரைத் தின்ற பிறகு பின்னேரம் கொடுப்பது என் வழக்கம்.

போடக்கூடாதவை சில. ஆனைக்கொய்யாவின் தோல், கொட்டை, இலை எல்லாம் பறவைக்கு நஞ்சு, சதையையும் நான் கொடுப்பதில்லை. மரவள்ளி இலையும் தோலும் பச்சையாக வேண்டாம். வேகாத போஞ்சி விதை, கௌபி, சிவப்பு அவரை வேண்டாம். கருவாட்டுத் தலை, மாசித் துண்டு, ஊறுகாய், உப்புக் கூடிய கறி ஆகாது, கோழியின் உடல் உப்பைத் தாங்காது. பச்சைப் புள்ளி விழுந்த பாணை "கோழிக்குத்தானே" என்று எறிவது பெரும் பிழை. மனிதருக்கு ஆகாத பூஞ்சணம் இரண்டு கிலோ உடலுக்கு எப்படி ஆகும்? பாலெடுத்த தேங்காய்ச் சக்கையை அன்றைக்கே கொஞ்சம் போடலாம், அடுத்த நாள் புளித்ததைப் போட வேண்டாம்.

எங்கள் பக்கம் களனி ஆறு கடலில் சேரும் இடம், மீன் தலையும் குடலும் தாராளமாகக் கிடைக்கும். உப்பில்லாமல் அவித்து முள் நொறுங்கக் கொஞ்சம் கொடுத்தால் நல்ல புரதம். ஆனால் பழுப்பு முட்டையிடும் சில கோழிகளுக்கு மீனில் உண்டாகும் ஒரு பொருளை உடைக்கும் ஆற்றல் பிறப்பிலேயே இல்லை, முட்டையில் மீன் வாடை வரும். எந்தக் கோழி என்று தனித்தனியாக முட்டையை உடைத்துப் பார்த்தால் தெரியும்.

மேலதிகம் என்று விற்பவை

இங்கேதான் காசு கரைகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், முக்கியமானதில் தொடங்கி.

சிப்பித்தூள் கட்டாயம். ஆனால் தீனோடு கலக்காமல் தனிச் சட்டியில் வைக்க வேண்டும். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவை அறிந்து கொத்தும். சேவலும் முட்டையிடுவதை நிறுத்திய கோழியும் தொடாமல் விடும். மாவாக இருப்பதைவிட இரண்டு, மூன்று மில்லிமீற்றர்த் துண்டாக இருப்பது நல்லது. ஓடு செய்யும் வேலை ஏறத்தாழ இருபது மணித்தியாலம் நடக்கும், பெரும்பகுதி இரவில். இரவில் கோழி தின்னாது. மா சீக்கிரம் வயிற்றைக் கடந்துவிடும். துண்டு இரைப்பையில் தங்கி விடியும்வரை மெல்லக் கரைந்து கொடுக்கும். அதனால் பின்னேரம் சிப்பிச் சட்டி நிறைந்திருக்க வேண்டும். மீன் சந்தையில் கிடைக்கும் ஓட்டை வாங்குபவர்கள் நன்றாகக் கழுவி, அவித்து, வெயிலில் காய வைத்து உரலில் இடித்துக்கொள்ளலாம்.

முட்டை ஓடும் அதே சுண்ணாம்புதான், செலவே இல்லை. பத்து நிமிடம் அவித்துக் காயவைத்து, முட்டை உருவம் தெரியாதபடி நொறுக்குங்கள். அரை ஓடாகப் போட்டால் முட்டை கொத்தப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். வீட்டில் விழும் ஓடு மட்டும் போதாது என்பதால் சிப்பியோடு சேர்த்தே வையுங்கள். கட்டடம் கட்டும் சுண்ணாம்பை ஒருநாளும் வைக்காதீர்கள், வாயையும் தொண்டையையும் எரிக்கும்.

சின்னக் கருங்கல் பொடி வேறு சாமான், அது கல்சியம் தராது. அது இரைப்பையில் நின்று அரைக்கும் கல். வெறும் தூள் தீன் தின்னும் கோழிக்கு அது அவசியம் இல்லை. நெல்லு, முழுச் சோளம், நிறையக் கீரை கொடுப்பவர்கள் ஒரு பிடி வைக்கலாம்.

கீரையில் எனக்குப் பிடித்தது முருங்கையிலை. காய்ந்த நிலையில் நாலில் ஒரு பங்கு புரதம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது சரிதான். பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஐந்து கோழிக்கு ஒரு கொத்து இலை போட்டால் மஞ்சள் கரு நல்ல செம்மஞ்சளாகும், கோழிக்குப் பொழுது போகும், ஒன்றையொன்று கொத்துவது குறையும். அதற்காகத்தான் போடுகிறேன். கரு நிறம் இலையிலும் சோளத்திலும் இருக்கும் நிறப்பொருளால் வருவது, முட்டையின் சத்துக்கு அது அளவுகோல் அல்ல. கங்குன், பொன்னாங்காணி, அகத்தி எல்லாம் நல்லதே. சந்தையில் வாங்கிய கீரை என்றால் மருந்தடித்திருக்கும், கழுவிப் போடுங்கள்.

அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பன்னம்) வளர்க்கச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். நூறு கிராம் பச்சை அசோலாவில் 94 கிராம் தண்ணீர், புரதம் ஒன்றரைக் கிராமைத் தாண்டாது. அதற்காகக் கொழும்பில் தொட்டியில் தண்ணீர் தேக்கி வைப்பதை நான் ஏற்கவில்லை. டெங்கு எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டுக்குள் வந்து போனது என்று எனக்குத் தெரியும்.

விற்றமின் பவுடரும் கல்சியம் திரவமும் லேயர் தீன் ஒழுங்காகத் தின்னும் கோழிக்குத் தினமும் தேவையில்லை. இடம் மாற்றிய பின், தடுப்பூசி போட்ட பின், நோயிலிருந்து எழும்பும்போது, கடும் வெக்கையில் மூன்று முதல் ஐந்து நாள் கொடுப்பது பயன். தண்ணீரில் கரைத்ததை அன்றே மாற்றுங்கள், வெயிலிலும் சூட்டிலும் சத்துப் போய்விடும். D3 அளவு மீறினால் அதுவும் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

"முட்டை கூட்டும்" என்று விற்கும் பொதிகளை மட்டும் பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் வாங்க வேண்டாம். சிலவற்றில் விற்றமினோடு நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்திருக்கும். சேர்மானத்தில் "சைக்கிளின்" என்று முடியும் பெயர் இருந்தால் அது மருந்து, சத்து அல்ல. அந்த மருந்து முட்டைக்குள்ளும் வரும், நம் பிள்ளைகள்தான் அதைத் தின்பார்கள். மிருக வைத்தியர் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது.

பூண்டு, மஞ்சள், வினாகிரி பற்றிக் கேட்டால், சிறிதளவில் கெடுதல் இல்லை, முட்டை கூடும் என்று நம்பி வாங்கவும் வேண்டாம். வினாகிரியை நாகம் பூசிய தகரப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், நாகம் கரையும்.

வெக்கையும் தண்ணீரும்

மார்ச், ஏப்ரலில் ஓடு மெலிவது தீன் குறையால் மட்டும் அல்ல. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைக்கும். அப்படி இளைக்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, ஓடு செய்யத் தேவையான காபனேற்றும் குறைகிறது. கூடவே பசியும் விழும். அந்த மாதங்களில் ஐந்தரை மணிக்கே முதல் தீனைப் போட்டு, நடுப்பகலில் சட்டியை எடுத்துவிட்டு, நாலரைக்கு மறுபடி வைக்கிறேன். நடுப்பகலில் தின்றால் செரிக்கும் சூடும் சேரும்.

தண்ணீர் தீனைப் போல் இரண்டு மடங்கு குடிக்கும், கடும் வெயிலில் ஒரு கோழிக்கு அரை லீற்றர் வரை போகும். அரைநாள் தண்ணீர் இல்லாமல் போனால் முட்டை சில நாளுக்கு நின்றுவிடும். குழாய் நீர் நிற்கும் என்று அறிவித்தால் முதலில் கோழிக்கு ஒரு வாளி பிடித்து வைப்பேன்.

பை எங்கே இருக்கிறது

நல்ல தீனை வாங்கிக் கெட்ட இடத்தில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிலத்தில் சாத்திய பை அடியிலிருந்து ஈரம் இழுக்கும். எங்கள் வீட்டில் பையோடு சேர்த்தே மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கி, இரண்டு பலகைத் துண்டின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். ஈரச் சிரட்டையால் அள்ளுவதில்லை. கட்டி பிடித்திருந்தால், புழுங்கல் மணம் வந்தால், அந்தப் பகுதியை மட்டும் அல்ல, முழுவதையும் கொட்டுகிறேன். வயிறு எரியும்தான்.

இரவில் தீன் சட்டியைக் கூட்டுக்குள் விடக்கூடாது. சிந்தியதைத் தேடி எலி வரும். கொழும்பு எலி தின்னும் தீனைவிட அது விட்டுப் போகும் சிறுநீர்தான் ஆபத்து, எலிக்காய்ச்சல் வீட்டுக்குள் வர அதுவும் ஒரு வழி. அடைந்ததும் தீன் சட்டியை எடுத்துவிட்டு, விளிம்பில் சிந்தியதைத் தும்புத்தடியால் கூட்டிவிடுகிறேன். சிப்பிச் சட்டி மட்டும் அதன் இடத்திலேயே இருக்கும், எலி அதைத் தொடாது.

இப்போது என்னிடம் இருப்பவை நான்கு கோழிகள். இரண்டு போன மாதம் இறகு உதிர்க்கத் தொடங்கின, முட்டை நின்றுவிட்டது. இறகு முழுக்கப் புரதம் என்பதால் அவை இரண்டுக்கும் அவித்த மீன் கொஞ்சம் கூடப் போகிறது. நான்கில் இரண்டுதான் சிப்பியைத் தேடுகின்றன. சட்டி முன்பு மூன்று நாளில் முடியும், இப்போது ஒரு கிழமைக்கு வருகிறது. அது மறுபடி மூன்று நாளில் முடியத் தொடங்கும்போது முட்டைக் கூடையை எடுத்து வைப்பேன்.